எவ்வளவு வலிக்குது, பாட்டி?

தாதியர் பயிற்சிப் புத்தகங்களில் ஒழுக்க நெறிக்கு ஓர் அத்தியாயம், சட்டத்துக்கு ஓர் அத்தியாயம், நோயாளியின் நிலையை மதிப்பிடுவதற்கு ஒன்று, நோயாளியிடம் பேசுவதற்கு ஒன்று என்று பிரித்து வைத்திருப்பார்கள். படிப்பதற்கு அது வசதி. ஆனால் ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனையிலோ, குளுவாங், சிகாமட், மூவார் அரசு மருத்துவமனைகளிலோ மாலைச் சுற்றுக்கு வார்டில் வந்து நிற்கும் தாதிக்கு, நம் பேச்சில் மிஸிக்கு, இந்த நான்கும் தனித்தனி வேலைகள் அல்ல. கையில் பட்டையைக் கட்டி இரத்த அழுத்தம் பார்த்து, விரலில் ஆக்சிஜன் கவ்வியை மாட்டி, வெப்பத்தையும் எழுதிக்கொண்ட பிறகு அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது? நான்கு அத்தியாயங்களும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்கு வரும் பதில் இரத்த அழுத்தத்தைப் போலவே ஒரு மருத்துவத் தரவு. அப்படியானால் அந்தக் கேள்வியை நோயாளிக்கு நன்றாகப் புரியும் மொழியில் கேட்பதை உபசாரக் கணக்கில் சேர்க்க முடியாது. அளவெடுப்பதிலேயே அது அடங்கும். இதைத்தான் இங்கே நிறுவப் பார்க்கிறேன்.

மலேசிய சுகாதார அமைச்சு 2008இல் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாக ஏற்றுக்கொண்டது. உடல் வெப்பம், நாடித்துடிப்பு, சுவாசம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை எழுதும் அட்டவணையிலேயே வலிக்கும் ஓர் இடம் வந்தது. வலியே இல்லை என்றால் 0, இதற்கு மேல் ஒரு வலி இருக்க முடியாது என்றால் 10. 1 முதல் 3 வரை லேசு, 4 முதல் 6 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எண் 4ஐத் தொட்டுவிட்டால் சும்மா எழுதிவிட்டுப் போக முடியாது. ஏதாவது செய்ய வேண்டும், செய்தபின் திரும்ப வந்து கேட்க வேண்டும். பத்து வரை எண்ணிப் பழக்கமில்லாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் முகப் படங்கள் உண்டு. கைக்குழந்தையிடம் முகச்சுளிப்பு, கால் உதைப்பு, அழுகை ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போடும் முறையும் உண்டு. முதல் நான்கு குறிகளையும் நோயாளி வாயே திறக்காமல் எடுத்துவிடலாம். ஐந்தாவதற்கு அது நடக்காது. அங்கே நோயாளியின் வாயும் கேட்பவரின் காதும்தான் கருவி.

இதற்கு ஓர் இயந்திரம் இன்னும் கண்டுபிடிக்கவில்லையே என்று வருந்துவதில் அர்த்தமில்லை. வலியின் இயல்பே அப்படி. தோலிலும் தசையிலும் உள்ளுறுப்புகளிலும் இருக்கும் நரம்பு முனைகள் காயத்தை உணர்ந்து தண்டுவடத்துக்குச் சொல்லி அனுப்புகின்றன. அந்தச் செய்தி அப்படியே மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. வழியிலேயே அதைக் கூட்டவும் குறைக்கவும் தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற ஏற்பாடு இருக்கிறது என்று ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் விளக்கினார்கள். பயம், தூக்கமின்மை, பழைய அனுபவம், நம்பிக்கை எல்லாம் மூளையிலிருந்து கீழிறங்கி அந்தக் கதவில் கை வைக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் பணியாற்றிய மயக்கமருந்து மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுங்காயம் பட்ட வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டுக் குறித்து வைத்தார். சுமார் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றதாக 1946இல் எழுதினார். காயத்தின் அளவைப் பார்த்து வலியின் அளவைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இதே பீச்சர்தான் 1966இல், நோயாளிகளுக்குத் தெரியாமலே அவர்கள்மீது நடத்தப்பட்ட ஆராய்ச்சிகளில் 22ஐ எடுத்துக்காட்டி மருத்துவ உலகையே உலுக்கியவர். ஒரே மனிதர் இரண்டையும் செய்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு இடத்திலும் அவர் கேட்டது ஒன்றுதான்: நோயாளியைக் கேட்டீர்களா? அமெரிக்கத் தாதி மார்கோ மெக்காஃபரி 1968இல் இதை இன்னும் நேராகச் சொன்னார். எது வலி, எப்போது வலி என்பதைத் தீர்மானிப்பது அதை அனுபவிப்பவரின் சொல்தான் என்பது அவர் வகுத்த விதி. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவரால் சொல்ல முடியவில்லை என்பதற்காக அவருக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்து வைத்தது.

வயிற்றில் அறுவை முடிந்து இரண்டாம் நாள் படுத்திருக்கும் எழுபது வயதுப் பாட்டி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மிஸி வந்து, "சாக்கிட், மக்சிக்?" (வலிக்குதாம்மா?) என்று மலாயில் கேட்கிறார். பாட்டி, "தாக் அடா" (இல்லை) என்று தலையாட்டுகிறார். அட்டவணையில் 0 விழுகிறது. மிஸி கடமை தவறவில்லை, பாட்டியும் பொய் சொல்லவில்லை. அசையாமல் கிடக்கும்போது அவருக்கு வலி இல்லைதான். அசைந்தால் உயிர் போகிறது என்பதனால்தானே அசையாமல் கிடக்கிறார்! அதே பாட்டியிடம், "கொஞ்சம் இருமுங்க பாட்டி, இப்ப எவ்வளவு வலிக்குது?" என்று யாராவது தமிழில் கேட்டால், கை தானாகத் தையலுக்குப் போகும், பதிலும் 7, 8 என்று வரும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு நோயின் தொடக்கம். வயிற்றுத் தையல் வலிக்கும் என்று பயந்தவர் மேலோட்டமாகவே மூச்சு விடுவார், இருமலை அடக்கிக்கொள்வார். நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்று போகாது. சளி அங்கேயே தேங்கும். சில நாளில் காய்ச்சலும் நிமோனியாவும் வந்து சேரும். எழுந்து நடக்காத கால்களில் இரத்தம் உறையலாம். படுத்திருக்கும்போது எவ்வளவு, அசையும்போது எவ்வளவு என்று இரண்டாகக் கேட்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் இரண்டாவது கேள்வி கொஞ்சம் நீளமானது. அரைகுறையாகத் தெரிந்த மொழியில் அதைக் கேட்பது கடினம், புரிந்துகொள்வது அதைவிடக் கடினம். அதனால் பெரும்பாலும் அது கேட்கப்படாமலே போகிறது.

எண்ணோடு வலியின் தன்மையும் சேர்ந்தால்தான் மருத்துவருக்குத் துப்புக் கிடைக்கும். மெல்சாக் 1975இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வெளியிட்ட கேள்வித்தாள், நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் சொற்களைத் திரட்டி வகைப்படுத்தியது. எரிகிறது, சுரீரென்று மின்சாரம் பாய்கிறது என்பவை நரம்பிலிருந்து கிளம்பும் வலியைக் காட்டுவதுண்டு. அதற்குரிய மருந்தும் வேறு. நம் பாட்டிகளிடம் இந்தச் சொற்களுக்குப் பஞ்சமில்லை: குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, இழுக்குது, விண்விண்ணுனு தெறிக்குது. மலாயில் பேச வேண்டி வந்தால் இத்தனையும் 'சாக்கிட்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். மலாய்மொழியில் சொல்வளம் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. சந்தையிலும் பேருந்திலும் பொறுக்கிய மலாய் அவ்வளவுதான் தரும். நீரிழிவுக்காரர்களிடம் இது இன்னும் ஆபத்தாகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நீண்டநாள் நீரிழிவால் நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலியே தெரியாமல் போகலாம். வியர்க்கும், மூச்சு வாங்கும், வயிறு உப்பியது போலிருக்கும். "நெஞ்சு வலிக்குதா?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் "இல்லை". "ஒரே வாய்வா இருக்கு, என்னமோ பண்ணுது" என்று அவர் சொல்லும் அடுத்த வாக்கியத்தில்தான் நோய் இருக்கிறது. அதைக் கேட்க ஆள் வேண்டும்.

வலியை விடுங்கள், மற்றதை எல்லாம் எண்களே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லலாம். அதுவும் முழு உண்மை இல்லை. தலையில் அடிபட்டு வருபவரின் நினைவு நிலையை அளக்க உலகமெங்கும் பயன்படுவது, கிளாஸ்கோ நகரில் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974இல் வகுத்த அளவுகோல். 15 மதிப்பெண்ணில் 5 பேச்சுக்கு. பெயர், இடம், நாள் தெளிவாகச் சொன்னால் 5. குழம்பிச் சொன்னால் 4. சம்பந்தமில்லாத சொற்கள் வந்தால் 3. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஒருவர், தெரியாத மொழியில் வந்த கேள்விக்குத் தடுமாறினால் அது மூளையின் தடுமாற்றமா, மொழியின் தடுமாற்றமா? அந்த ஒரு மதிப்பெண்ணையும் வைத்துத்தான் ஸ்கேனா, காத்திருப்பா என்று முடிவெடுக்கிறார்கள். மனநலத்தில் நிலைமை இன்னும் கடினம். தம்போயில் இருக்கும் பெர்மாய் மருத்துவமனை நாட்டின் நான்கு பெரிய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. அங்கே ஒருவரின் சிந்தனை ஒழுங்காக ஓடுகிறதா, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்பதைப் பேச்சைத் தவிர வேறு எதை வைத்து அறிவது?

"இங்கே மலாய் தெரியாதவர் யார்? நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்களே" என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். தேசிய மொழியை அறிந்திருப்பது இந்நாட்டுக் குடிமக்களுக்கு அழகு, அதில் வாதமில்லை. ஆனால் வார்டில் படுத்திருப்பவர் பள்ளிப் பிள்ளை இல்லை. பெரும்பாலும் முதியவர், காய்ச்சலிலோ, மயக்கமருந்தின் மிச்சத்திலோ, பக்கவாதத்திலோ இருப்பவர். களைப்பும் வலியும் ஏறும்போது இரண்டாம் மொழி தடுமாறும். மறதி நோய் முற்றும்போது பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவிவிடுவதும் உண்டு. ரப்பர் காலத்து ஜொகூர்த் தோட்டங்களில் 'டிரெசர்' என்று ஒருவர் இருந்தார். மருத்துவர் இல்லை, காயத்துக்குக் கட்டுப் போட்டு, மலேரியாவுக்கு மருந்து கொடுத்து, முடியாததை நகரத்துக்கு அனுப்புபவர். அவர்களில் பலர் தமிழரோ மலையாளியோ. லயத்துப் பேச்சு அவர்களுக்குப் பழக்கம். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. தோட்டத்து மருத்துவ வசதி எவ்வளவு மோசமாக இருந்தது என்பது ஊரறிந்தது. ஆனால் எங்கே குத்துகிறது என்று கேட்டு, பதிலைப் புரிந்துகொள்ள இடையில் மூன்றாம் ஆள் தேவைப்படவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாகி வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன, மக்கள் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் கூலாய்க்கும் நகர்ந்தார்கள். மருந்தும் கருவியும் நூறு மடங்கு கூடின. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நடுவில் ஒரு மொழி வந்து நின்றுவிட்டது. இன்றைக்குச் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் வங்காளதேசியும், பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இருக்கும் நேப்பாளியும் நம் பாட்டியைவிட மோசமான நிலையில் படுத்திருக்கிறார்கள். இதைத் தமிழரின் தனிக் குறையாக மட்டும் பார்ப்பது சரியாகாது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1957இல் இங்கிலாந்தில் உருவான போலம் விதிப்படி, சக மருத்துவர்களில் பொறுப்புள்ள ஒரு தரப்பு சரி என்று ஒப்பினால் மருத்துவர் செய்தது கவனக்குறைவு ஆகாது. என்ன சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விடலாம் என்பதையும் மருத்துவர்களே தீர்மானித்துக்கொள்ள இது இடம் கொடுத்தது. 1992இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஒரு கண் அறுவை வழக்கில் இதைத் திருப்பிப் போட்டது. அங்கே மருத்துவர் சொல்லாமல் விட்ட ஆபத்து 14,000இல் ஒன்று. அந்த நோயாளிக்கு அது முக்கியம் என்றால் சொல்லியே தீர வேண்டும் என்றது நீதிமன்றம். மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில், சாலை விபத்தில் அடிபட்டு, கழுத்து அறுவைக்குப் பிறகு உடல் செயலிழந்த ஒரு பெண்ணின் வழக்கில் இதே பாதையை எடுத்தது. அந்த விபத்து நடந்தது 1982இல் என்பதையும் கவனியுங்கள். தீர்ப்புக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் போலம் விதி, ஆபத்துகளை எடுத்துச் சொல்வதில் நோயாளியின் பார்வை என்ற பிரிவினையை அதே நீதிமன்றம் 2017இல் உறுதிப்படுத்தியது. ஆபத்தை நோயாளி அறிய வேண்டும் என்பது சட்டம் என்றால், அவருக்குப் புரியாத மொழியில் சொன்னது சொன்னதாகுமா? புரியாத தாளில் வாங்கிய கையெழுத்து வெறும் மை என்றே நான் சொல்வேன்.

இந்தத் தீர்ப்புகள் மருத்துவர்களைப் பற்றியவை, தாதிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கும்போது பக்கத்தில் நிற்பவர் பல சமயம் தாதிதான். மருத்துவர் போனபின், "டாக்டர் என்னம்மா சொன்னாரு?" என்று அவரிடம்தான் நோயாளி கேட்கிறார். அந்தக் கேள்வியே, ஒப்புதல் இன்னும் கிடைக்கவில்லை என்பதற்குச் சான்று. அதை மருத்துவரிடம் திருப்பிச் சொல்லி, மறுபடி விளக்க வைப்பது தாதியின் கடமை. மலேசியத் தாதியர்கள் 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவர்கள். தாதியர் வாரியம் 1998இல் ஒரு நடத்தை நெறித் தொகுப்பையும் வெளியிட்டது. தொழில் ஒழுங்கை மீறினால் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. ஆகவே தாதி மருத்துவரின் நீண்ட கை மட்டும் அல்ல, தனிப் பொறுப்புள்ள தொழிலர். அரசு மருத்துவமனைமீது வழக்குத் தொடர 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் தரும் கால எல்லை 36 மாதம். வழக்கு விசாரணைக்கு வரும்போது மிஸிக்கு எந்தப் பாட்டி, எந்தப் படுக்கை என்பது நினைவிருக்காது. அட்டவணையில் எழுதிய எண்தான் பேசும். தவறாகக் கேட்டு வாங்கிய 0, அன்று நோயாளிக்குக் கெடுதல் செய்தது போலவே என்றோ ஒருநாள் தாதியையும் காட்டிக்கொடுக்கும்.

மகனோ மகளோ பக்கத்தில் இருக்கிறார்களே, அவர்கள் சொல்லிவிட மாட்டார்களா? நம்மிடம் மிக வேரூன்றிய பழக்கம் இது. மறுப்புகளில் எனக்குக் கடினமாகத் தோன்றுவதும் இதுதான். அமெரிக்காவில் குழந்தை மருத்துவச் சந்திப்புகள் பதின்மூன்றை ஒலிப்பதிவு செய்து கிளென் ஃப்ளோரஸ் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு சந்திப்பிலும் சராசரியாக 31 மொழிபெயர்ப்புத் தவறுகள் இருந்தன. தவறுகளில் சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை எத்தனை என்று பார்த்தால், மருத்துவமனையின் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களிடம் 53 விழுக்காடு, அந்த நேரத்துக்குக் கிடைத்தவர்களிடம் 77 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், அந்தந்த எண்ணை ஜொகூருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் தவறு எங்கே நுழைகிறது என்பது எல்லா ஊருக்கும் பொது: ஒவ்வாமையைக் கேட்காமல் விடுவது, எத்தனை வேளை மருந்து என்பதைத் தவறவிடுவது, தானாக ஒன்றைச் சேர்ப்பது. மகன் இன்னொன்றும் செய்வார். மருத்துவர் புற்றுநோய் என்கிறார். மகன் அம்மாவிடம் "சின்னக் கட்டிதான்" என்கிறார். அன்பினால் சொல்கிறார், சந்தேகமில்லை. குடும்பமாகச் சேர்ந்து முடிவெடுப்பது நம் வழக்கம். தனிமனிதன் மட்டும்தான் கணக்கு என்ற மேல்நாட்டுப் பாடத்தை அப்படியே இங்கே ஒட்ட வேண்டியதில்லை. ஆனால் 'எனக்குச் சொல்ல வேண்டாம், மகனிடம் சொல்லுங்கள்' என்று அம்மா சொல்வது வேறு, அம்மாவைக் கேட்காமலே மகன் அந்த முடிவை எடுத்துக்கொள்வது வேறு. முன்னது அவரது உரிமை, பின்னது அவரிடமிருந்து பிடுங்கியது. எது நடந்தது என்று தெரிய, ஒரே ஒரு முறையாவது அம்மாவிடம் நேராகக் கேட்டிருக்க வேண்டும். மகள்முன் மாதவிடாயையும், பேரன்முன் சிறுநீர்க் கோளாறையும் சொல்லக் கூசுபவர்கள் இருக்கிறார்கள் என்பது தனிக்கதை. பக்கத்துப் படுக்கையைப் பார்க்க வந்தவரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னால் ஊருக்கே செய்தி போய்விடும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. அரசு வார்டில் நோயாளியின் இரகசியம் பெரும்பாலும் பணியாளரின் தொழில் நெறியை நம்பியே நிற்கிறது.

மொழி தெரிந்தால் போதுமா? போதாது. தமிழ் தெரிந்த மிஸியே "இந்த ஆளுங்க சும்மா கத்துவாங்க" என்று சொன்னால் மொழி என்ன செய்யும்? இந்தியர்கள் வலி தாங்க மாட்டார்கள் என்ற பேச்சு இரு கரையிலும் உண்டு. அக்கரையில் சிங்கப்பூரின் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில், சிசேரியன் செய்துகொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீன, மலாய், இந்தியப் பெண்களிடம் செய்த ஆய்வு 2008இல் வெளியானது. பொத்தானை அழுத்தித் தாங்களே மார்ஃபின் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. இந்தியப் பெண்கள் சொன்ன வலி மதிப்பெண்ணும் எடுத்துக்கொண்ட மார்ஃபினும் மற்ற இரு இனத்தாரைவிட அதிகம். பார்த்தீர்களா என்பார் ஒருவர். நான் இதைத் தலைகீழாகப் படிக்கிறேன். பார்வையாளர் யாரும் இல்லாதபோதும் பொத்தானை அழுத்தினார்கள் என்றால், அது கத்திக் காட்டும் நடிப்பு இல்லை, மருந்து தேவைப்பட்டிருக்கிறது. அதோடு, மார்ஃபின் போய் ஒட்டும் ஏற்பியின் மரபணு வேறுபாடும் தனியாக ஒரு பங்கு வகிக்கிறது என்று அதே குழுவின் அடுத்த ஆய்வு காட்டியது. ஓர் இனத்தின் சராசரி, எதிரே படுத்திருக்கும் ஒருத்தியின் வலியைச் சொல்லாது. அப்படிச் சொல்லும் என்று நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலீஸ் அவசரப் பிரிவு சாட்சி. 1993இல் வெளியான ஆய்வில், நீள எலும்பு முறிந்து வந்த வெள்ளையர்களில் 26 விழுக்காட்டினருக்கும், லத்தீன் அமெரிக்க வம்சத்தவரில் 55 விழுக்காட்டினருக்கும் வலி மருந்தே தரப்படவில்லை.

நோயாளி சொல்வதை எல்லாம் நம்பினால் அமெரிக்கா மாதிரி ஆகிவிடும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பலமான எதிர்வாதம். வலியை ஐந்தாவது உயிர்க்குறி என்று முழங்கியது முதலில் அமெரிக்காதான். அமெரிக்க மருத்துவச் சங்கமே 2016இல் அந்த முழக்கத்தைக் கைவிட்டது. இடையில் ஓபியாய்டு மாத்திரைகளுக்கு அடிமையாகிப் பல்லாயிரவர் மாண்டார்கள். ஆனால் அங்கே தவறியது கேள்வி அன்று. எண் ஏறியதும் மாத்திரை என்ற ஒரே பதிலை வைத்ததும், அந்த மாத்திரையை அடிமையாக்காது என்று நிறுவனங்கள் விற்றதும்தான். மலேசியாவில் இந்த மருந்துகள் 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டத்தின் இறுக்கமான பிடியில் இருக்கின்றன. உலகளவில் பார்த்தாலும் பஞ்சம்தான் பெரிய சிக்கல்: உலகில் விநியோகமாகும் மார்ஃபின் வகை மருந்து 298.5 டன்னில் மிக வறிய நாடுகளுக்குப் போவது 0.1 டன் என்று லான்செட் ஆணையம் 2017இல் கணக்கிட்டது. 7 என்ற எண்ணுக்கு மார்ஃபினும் பதிலாகலாம். தலையணையை வயிற்றில் அணைத்து இருமச் சொல்லித் தருவதும், சீழ் வைத்த தையலைத் திறந்து பார்ப்பதும் பதிலாகலாம். பதிலைத் தீர்மானிப்பது மருத்துவ அறிவு. அந்த அறிவு வேலை செய்ய எண் சரியாக இருக்க வேண்டும்.

பேச்சே மருந்தாவதும் உண்டு, இது சோதித்துப் பார்த்த உண்மை. பீச்சர் பணியாற்றிய அதே மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லாரன்ஸ் எக்பர்ட் குழுவினர் வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினரிடம் முன்கூட்டியே, எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், தசையை எப்படித் தளர்த்துவது, எப்படித் திரும்பிப் படுப்பது என்று உட்கார்ந்து பேசினார்கள். 1964இல் வெளியான முடிவு: பேசப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து ஏறத்தாழ பாதி, சராசரியாக 2.7 நாள் முன்பே வீட்டுக்குப் போனார்கள். அதற்கு மூன்றாண்டுக்கு முன்பே, 1961இல், தாதியர் துறை அறிஞர் ஐடா ஜீன் ஒர்லாண்டோ ஓர் எளிய ஒழுங்கை வகுத்திருந்தார். நோயாளியின் முகத்தையும் செயலையும் பார்த்துத் தாதி ஊகிப்பது ஊகம் மட்டுமே; அதை அவரிடமே சொல்லி, சரியா என்று கேட்டு உறுதி செய்யும்வரை அது மதிப்பீடு ஆகாது. "சாப்பாட்டைத் தொடவே இல்லையே பாட்டி, பசி இல்லையா, முழுங்கினா வலிக்குதா?" என்ற கேள்வி அந்த ஒழுங்கு. "ஏன் சாப்பிடல?" என்ற அதட்டல் அதற்கு எதிர்.

இதற்கெல்லாம் மிஸிக்கு நேரம் எங்கே என்பது கடைசிக் கேள்வி; அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் லிண்டா எய்கன் குழுவினர் செய்து 2014இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், ஒரு தாதி பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடினால் அறுவை நோயாளிகள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. ஆகவே நன்றாகக் கேள், பொறுமையாகக் கேள் என்று தாதிக்கு மட்டும் உபதேசம் செய்வது அநியாயம். ஆள் போட வேண்டியது அரசு. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்களை, தொலைபேசி வழியாகவேனும், பெரிய மருத்துவமனைகளில் அமர்த்த வேண்டியதும் அரசு. ஆயினும் இருமச் சொல்லிவிட்டு எண்ணைக் கேட்க அரை நிமிடம் போதும். அந்த ஐந்தாறு வாக்கியங்களைத் தமிழிலும் வங்காளத்திலும் நேப்பாளியிலும் ஓர் அட்டையில் அச்சடித்துப் படுக்கைத் தலைமாட்டில் தொங்கவிட வரவு செலவுத் திட்டம் எதுவும் தேவையில்லை.

படிக்கும் உங்களாலும் ஆகிற காரியம் இருக்கிறது. அம்மாவையோ அப்பாவையோ வார்டில் சேர்க்கும்போதே, அவருக்கு எந்த மொழி நன்றாகப் புரியும் என்று மிஸியிடம் சொல்லி, கோப்பில் எழுதச் சொல்லுங்கள். வலிக்கிறதா என்று கேட்டால், அசையும்போது எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். நீங்களே இடையில் நின்று மொழிபெயர்க்க வேண்டி வந்தால், கேள்வியை உள்ளபடி தமிழில் கேளுங்கள், அவர் சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்லுங்கள். அவருக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.